காசிமேட்டுப் பரணில் கிடந்த டூம்

காசிமேட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கிரில் கேட், சைக்கிள் செயின், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றுக்கும் அங்கே ஆயுசு பாதி. அப்படிப்பட்ட இடத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்கு மூன்று தெரு தள்ளி, சித்தப்பா வீட்டுப் பரணில் இருபத்தைந்து வருஷமாகக் கிடந்த ஒரு பிளேஸ்டேஷனை, அதாவது டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டியை, இந்த ஜனவரியில் நான் கீழே இறக்கினேன்.

வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்த நாள் அது. பித்தளை அண்டா, கிழிந்த கிறிஸ்துமஸ் ஸ்டார், யாருடையது என்றே தெரியாத ஒரு ஹார்மோனியம். அவற்றுக்குப் பின்னால் லுங்கியில் சுற்றிய சாம்பல் நிறப் பெட்டி, ஒரு கன்ட்ரோலர், மூன்று சிடி. அதில் ஒன்று டூம், அரக்கர்களைத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுகிற ஆட்டம். அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும் ஒரிஜினல் பிளேஸ்டேஷன் சிடி. பர்மா பஜாரில் விற்ற வெள்ளி நிற சிடிக்களைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, கறுப்பு சிடியைக் கையில் எடுத்ததே ஒரு மரியாதையாக இருந்தது.

சித்தப்பா சரக்குக் கப்பலில் இருந்தவர். 1996-ல் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் இறங்கியபோது வாங்கி வந்தது. எங்கள் தெருவில் அப்போது டிவி கேம் என்றால் கேசட் சொருகி ஆடுகிற ‘சமுராய்’ வகைதான். இவர் வீட்டு வாசலில் மட்டும் சிடி போட்டு ஆடுகிறதைப் பார்க்கக் கூட்டம் நிற்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. டூம் போட்டால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"அத்த இன்னாத்துக்குடா எடுத்துகினு போற? அது பூட்சு. எப்பவோ பூட்சு."

"பாக்கலாம் சித்தப்பா. சொம்மாதான கீது."

பெட்டியின் அடியில் எஸ்.சி.பி.எச்.-1001 என்று எழுதியிருந்தது. அமெரிக்காவுக்கான முதல் வரிசை. பின்னாலேயே மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஆர்சிஏ சாக்கெட் இருக்கும். தனி ஒயர் தேடி அலைய வேண்டாம், சாதாரண ஏவி ஒயர் போதும். ஆனால் அதே ஸ்டிக்கரில் இன்னொரு விஷயமும் இருந்தது: 120 வோல்ட்.

வீட்டுக்கு, அதாவது பழைய வண்ணாரப்பேட்டைக்கு, எடுத்து வந்து மூடியைக் கழற்றியதும் கதை புரிந்துவிட்டது. பவர் போர்டில் ஃபியூஸ் கறுத்திருந்தது. பெரிய கெப்பாசிட்டரின் தலை வயிறு உப்பிய மாதிரி எழும்பியிருந்தது. யாரோ ஸ்டெப் டவுன் (வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இல்லாமல் நேராக நம் 230 வோல்ட் பிளக்கில் சொருகியிருக்கிறார்கள். நாம் 230 என்று சொல்வது ஒருவகைச் சராசரிக் கணக்கு. அலையின் உச்சி கிட்டத்தட்ட 325 வோல்ட். உள்ளே ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் தாண்டியதும் கெப்பாசிட்டரில் ஏறி நிற்பது அந்த உச்சிதான். அதன் உடம்பில் எழுதியிருந்தது 200 வோல்ட். தாங்குமா?

போன் போட்டுக் கேட்டேன். "இத யாரு சித்தப்பா நேரா பிளக்ல சொருவுனது?"

"எவனுக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டார்.

இதுமாதிரி பவர் போர்டில் கை வைப்பவர்களுக்கு ஒன்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஒரு ரெசிஸ்டரை அதன் கால்களுக்கு நடுவே வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் சைபர் காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் விரல் போக வேண்டும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பட்டென்று ஷார்ட் பண்ணுவதை நானும் பழகியிருந்தேன், இப்போது விட்டுவிட்டேன்.

மீட்டரை டயோடு மோடில் வைத்துத் தட்டிப் பார்த்ததில் ரெக்டிஃபையரில் ஒரு டயோடு ஷார்ட். ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் நன்றாக இருந்தது. ஃபியூஸ் சரியான நேரத்தில் செத்து அதைக் காப்பாற்றியிருக்கிறது.

அடுத்த நாள் மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி ரிச்சி தெரு. கெப்பாசிட்டர் கேட்டால் கடைக்காரர் வழக்கம்போல ஆலோசனை சொன்னார்.

"இருநூறு வோல்ட்டு இன்னாத்துக்கு தம்பி? நானூறே போட்டுக்கோ. நேரா பிளக்ல குடுக்கலாம்."

தப்பு. 400 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டால் அந்தக் கெப்பாசிட்டர் மட்டும்தான் தாங்கும். அதற்கு அடுத்து நிற்கிற டிரான்சிஸ்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் 120-க்குச் செய்தவை. தவிர, அதே மைக்ரோபாரடில் 400 வோல்ட் என்றால் உடம்பு பெரிசு. தகர மூடிக்குள் உட்காராது. பழையதில் எழுதியிருந்ததையே வாங்கினேன். கூடவே நான்கு 1என்4007 டயோடு, ஃபியூஸ், 100 வாட் ஸ்டெப் டவுன் ஒன்று. வரும் வழியில் ஐகோர்ட் ஸ்டேஷனில் இறங்கி, பீச் பக்கம் நடந்துபோய் ஒரு பிளேட் அத்தோ, பர்மா நூடுல்ஸ். ரிச்சி தெருவுக்குப் போய்விட்டு அத்தோ சாப்பிடாமல் வீடு திரும்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மாற்றிய பிறகு உடனே கரண்ட் கொடுக்கவில்லை. ஸ்டெப் டவுனுக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு குண்டு பல்பை சீரியஸில் போட்டேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், போர்டு பிழைக்கும். பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தது. மீட்டரில் ஒரு பக்கம் 7.6, இன்னொரு பக்கம் 3.5 வோல்ட். பவர் முடிந்தது.

மெயின் போர்டில் உப்புக்காத்து தன் வேலையைக் காட்டியிருந்தது. ரிப்பன் கேபிள் சொருகும் கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தது, ஆர்சிஏ சாக்கெட்டில் துரு, ஒரு ஓரத்தில் கரப்பான் முட்டைக் கூடு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், பென்சில் ரப்பர். இரண்டு மணி நேரம் போனது. விவரிக்க ஒன்றுமில்லை, பாத்திரம் தேய்க்கிற மாதிரிதான்.

பிறகு கானா பாட்டு சிடி ஒன்றைப் போட்டேன். பாடியது! டூமைப் போட்டேன். கறுப்புத் திரையில் எழுத்து வந்து அப்படியே நின்றது.

இந்த முதல் வரிசைக்கு ஊரறிந்த ஒரு வியாதி உண்டு. லென்ஸை ஏற்றிக்கொண்டு முன்னும் பின்னும் போகிற வண்டி பிளாஸ்டிக். அது வழுக்கி ஓடுகிற பாதையும் பிளாஸ்டிக். போதாக்குறைக்கு அதை சூடாகும் பவர் போர்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். நாளாக ஆக வண்டி ஒரு பக்கம் தேய்ந்து இறங்கிவிடும், லென்ஸ் சிடியை நேராகப் பார்க்காது. பின்னால் வந்த 5500 வரிசையில் இடத்தையே மாற்றிவிட்டார்கள். அதற்குள் உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார்கள்: பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆடுவது. நானும் கவிழ்த்தேன். டூம் ஓடியது.

ஆனால் கவிழ்த்தே வைத்துக்கொள்ள முடியாது. வண்டியைக் கழற்றி, தேய்ந்த காலின் கீழே பழைய ரீசார்ஜ் கார்டிலிருந்து வெட்டிய சின்னத் துண்டை ஒட்டினேன். பாதையைத் துடைத்து வெள்ளை கிரீஸ் ஒரு சொட்டு. முதல் துண்டு தடிமன், லென்ஸ் மேலே இடித்தது. இரண்டாவதை உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கிப் போட்டதும் நேராக வைத்தே படித்தது. போர்டில் லேசர் அளவைத் திருப்புகிற சின்னத் திருகுகள் உண்டு. அவற்றைத் தொடவில்லை. எல்லா வழியும் அடைந்த பிறகு தொட வேண்டிய இடம் அது.

இனி ஆட்டம். நான் இதைச் சரிசெய்ததே இதற்காகத்தான். கம்ப்யூட்டரில் டூம் எனக்கு மனப்பாடம். பிளேஸ்டேஷன் டூமை ஒன்பது வயதில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. டிவி பக்கத்தில் லேப்டாப்பை வைத்து, அதில் சாக்லேட் டூம் போட்டேன். பழைய டாஸ் காலத்து டூமை அதன் குறைகளோடு அப்படியே நடத்துகிற மென்பொருள். டிவி எங்கள் வீட்டு 21 அங்குல டப்பா டிவி. அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியை வாங்கிக்கொள்ளும் ரகமாக இருந்ததால் கலர் வந்தது. நம்மூர் பிஏஎல் (PAL) முறை மட்டும் தெரிந்த ரகமாக இருந்திருந்தால் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டிருக்கும்.

இரண்டிலும் முதல் கட்டம் ‘ஹேங்கர்’. லேப்டாப்பில் துவங்கிய உடனே டமடமவென்று பாபி பிரின்ஸின் மெட்டல் இசை. டிவியில்? பாட்டே இல்லை. பெரிய குழாய்க்குள் காற்று ஊளையிடுவதுபோல ஏதோ. தூரத்தில் உறுமல். துப்பாக்கி வெடித்தால் காலி கோடவுனில் வெடித்ததுபோல எதிரொலி. ஆப்ரி ஹாட்ஜஸ் இந்த வெளியீட்டுக்காக இசையை மட்டும் அல்ல, அரக்கர்களின் குரலையும் துப்பாக்கிச் சத்தத்தையும் புதிதாகச் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரே ஆட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது வெளிச்சம். கம்ப்யூட்டர் டூமில் மொத்தமே 256 நிறம். ஒரு அறையில் வெளிச்சம் கூடும், குறையும், அவ்வளவுதான். பிளேஸ்டேஷனில் ஒவ்வொரு பகுதிக்கும் நிறம் கொடுத்திருக்கிறார்கள். விஷக்குட்டை இருக்கும் அறை முழுக்கப் பச்சை படர்கிறது, சில இடத்தில் சிவப்பு, சில இடத்தில் மஞ்சள். சில கட்டங்களில் வானமே தீயாக எரிகிறது. அதே சமயம் சுவர்களைப் பார்த்தால் சிக்கனம் தெரியும். படிகள் குறைவு, சுவரில் ஒட்டிய படங்களின் வகை குறைவு. அகலமும் குறைவு: அங்கே 320 புள்ளி, இங்கே 256. வேகம் அங்கே அதிகபட்சம் வினாடிக்கு 35 படம், இங்கே 30. சண்டை கூடினால் அதுவும் இல்லை.

அக்கா பையன் அப்போதுதான் வந்தான். பதின்மூன்று வயசு, போனில் துப்பாக்கி ஆட்டம் ஆடியே கட்டைவிரல் தேய்ந்தவன். கன்ட்ரோலரை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"மாமா, குச்சி எங்க? மேல எப்டி பாக்குறது?"

"மேல பாக்க முடியாது."

"அப்ப மேல நிக்கிறவன எப்டி சுடுவ?"

"நேரா நின்னு சுடு. அதுவே போவும்."

சுட்டான். மாடத்தில் நின்ற இம்ப் என்ற அரக்கன் விழுந்தது. "இன்னா மாமா, ஹேக்கா?" என்றான்.

டூம் மற்ற சாதனங்களுக்கு இத்தனை சுலபமாகப் போனதற்கு அவன் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. 1993 டிசம்பர் 10 அன்று கம்ப்யூட்டரில் வந்தபோதே டூமில் மேலே கீழே பார்ப்பது கிடையாது. உயரத்தைக் குறி ஆட்டமே பார்த்துக்கொள்ளும். மவுஸ் இல்லாமல் அம்புக்குறி விசைகளால் மட்டுமே ஆடியவர்கள் அன்று ஏராளம். அந்த நான்கு அம்புக்குறிதானே கன்ட்ரோலரின் இடப்பக்கம் இருப்பது? எல்1, ஆர்1 விசைகள் பக்கவாட்டு நடைக்கு வந்தன. கை நஷ்டப்பட்டது ஆயுதத்தில்தான். கீபோர்டில் 1 முதல் 7 வரை எண்ணைத் தட்டினால் நினைத்த துப்பாக்கி கையில் வரும். இங்கே ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். ராக்கெட் லாஞ்சரைக் கையில் வைத்துக்கொண்டு ஷாட்கன்னைத் தேடும் அந்த ஒரு வினாடியில் எத்தனை முறை செத்தேன் என்று எண்ணவில்லை.

ஏன் இப்படி மாறியது என்பதற்கு எங்கள் எம்.சி. ரோடு துணிக்கடைதான் எனக்குத் தோன்றிய உதாரணம். பின்னால் கோடவுன் பெரிசு, முன்னால் கடை எட்டுக்குப் பத்து. டூமின் மொத்தத் தரவு 12 எம்பி அளவுதான். சிடியில் 650 எம்பி இடம் இருக்கிறது. கோடவுனில் பிரச்சினை இல்லை. ஆனால் முன்கடை என்பது ராம்; கம்ப்யூட்டர் டூம் 4 எம்பி ராம் கேட்டது. பிளேஸ்டேஷனில் பொது ராம் 2 எம்பி, படத்துக்கு 1 எம்பி, ஒலிக்கு 512 கேபி, அதுவும் தனித்தனியாக. ஆகவே ஒவ்வொரு கட்டம் துவங்கும்போதும் அந்தக் கட்டத்துக்கு வேண்டிய சரக்கை மட்டும் கோடவுனிலிருந்து எடுத்து வந்து அடுக்குகிறார்கள். கடைக்குள் அடங்காத சரக்கை வாங்கி என்ன செய்வது?

அப்படி அடங்காமல் போன ஒருவன்தான் ஆர்ச்-வைல் என்ற அரக்கன். பிளேஸ்டேஷன் சிடியில் முதல் டூமின் கட்டங்களும் அதன் தொடர்ச்சியான டூம் 2 கட்டங்களும் சேர்ந்து மொத்தம் 59. டூம் 2-ன் அரக்கர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் வந்திருக்கிறார்கள். கடினமான நிலையில் ஆடினால் முதல் டூமின் கட்டங்களுக்குள்ளும் புகுந்து நிற்கிறார்கள். ஆனால் ஆர்ச்-வைல் இல்லை. டூமின் அரக்கர்கள் முப்பரிமாண உருவங்கள் அல்ல, ஒவ்வொரு அசைவுக்கும் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனிப் படங்கள். இம்ப்புக்கு நடக்க 4 படம், தாக்க 3. ஆர்ச்-வைலுக்கு நடக்க 6, தாக்க 10, அதற்கு மேல் இன்னொரு வேலைக்கு 3. இவன் ஒருவனைக் கடைக்குள் விட்டால் இரண்டு பேரை வெளியே அனுப்ப வேண்டும்.

அந்த இன்னொரு வேலை என்ன தெரியுமா? செத்தவர்களை எழுப்புவது. கம்ப்யூட்டரில் ஆர்ச்-வைல் இருக்கும் அறையில் பிணம் என்பது தற்காலிகம். நீங்கள் கஷ்டப்பட்டுக் காலி செய்த வழியில் அவன் நடந்து போனால் எல்லோரும் எழுந்து உட்காருவார்கள். அதனால் அங்கே ஆடும் விதமே வேறு. முதலில் அவனைத் தேடி ஓட வேண்டும், தோட்டாவை மிச்சம் வைக்க வேண்டும். ‘நைட்மேர்’ என்ற உச்சக் கடின நிலையிலும் செத்தவர்கள் கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவார்கள். பிளேஸ்டேஷனில் அந்த நிலையும் கிடையாது. ஆக, இங்கே செத்தவன் செத்தவன்தான். சுட்டுமுடித்த அறை அமைதியாகிவிடும். அந்த அமைதியில் ஹாட்ஜஸின் காற்று மட்டும் ஊளையிடும். கம்ப்யூட்டரில் வேகம் பயமுறுத்தியது என்றால் இங்கே வெறுமை பயமுறுத்துகிறது. ஆட்டமாகப் பார்த்தால் எனக்குக் கம்ப்யூட்டர் டூம்தான் உசத்தி. ராத்திரி பதினொரு மணிக்கு லைட்டை அணைத்துவிட்டு ஒன்றைப் போடு என்றால் இதைப் போடுவேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். சாக்லேட் டூமில் எஃப்5 தட்டினால் நுணுக்கம் குறையும், படம் பட்டை பட்டையாகும். மைனஸ் விசையைத் தட்டினால் ஆடும் ஜன்னல் சின்னதாகும். இசையையும் அணைத்தேன். இது அன்றைய மற்ற கன்சோல்களில், அதாவது டிவி கேம் பெட்டிகளில், வந்த டூம்களின் ஏழைச் சித்திரம். செகா 32எக்ஸில் இப்படித்தான் சட்டம் போட்ட ஜன்னலுக்குள் ஆட வேண்டும், கட்டங்களும் 17 மட்டுமே. 1994-ல் வந்த அடாரி ஜாகுவாரில் படம் நன்றாக இருக்கும், ஆடும்போது இசை இருக்காது; இசை போட வேண்டிய சிப்பை, டூமின் எஞ்சினை எழுதிய ஜான் கார்மாக் கணக்குப் போட வைத்துவிட்டார். எளிமையாக்கிய அந்த ஜாகுவார் கட்டங்கள்தான் பின்னால் பிளேஸ்டேஷன் வரை வந்தன. சூப்பர் நின்டெண்டோவுக்கு ராண்டி லிண்டன் மூலநிரலே கையில் இல்லாமல் சொந்தமாக எஞ்சின் எழுதினார், கேசட்டுக்குள் சூப்பர் எஃப்எக்ஸ் 2 என்று தனியாக ஒரு சிப்பும் வைத்தார்கள். தரையிலும் கூரையிலும் படம் இல்லை, வெறும் நிறம். அரக்கர்கள் எப்போதும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், முதுகே கிடையாது. கம்ப்யூட்டரில் இரண்டு பேரை ஒருவர்மீது ஒருவர் சுட வைத்து, சண்டை மூட்டிவிட்டு ஒதுங்கி நிற்பது பெரிய சுகம். அங்கே அதுவும் இல்லை.

செகாவின் இன்னொரு கன்சோலான சாட்டர்ன்தான் பாவம். சுவரைப் பெரிய பெரிய முக்கோணமாக, நாற்கோணமாக வரைந்தால் அன்றைய கன்சோல் சிப்புகளில் படம் நெளியும். பிளேஸ்டேஷன்காரர்கள் சுவரை ஒரு புள்ளி அகல நெட்டைக் கீற்றுகளாகவும் தரையைக் கிடைக்கோடுகளாகவும் வரைய வைத்து நெளிவைத் தாண்டினார்கள். டிவிக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன், சுவர் நேராகத்தான் நிற்கிறது. சாட்டர்னுக்குச் செய்த ஜிம் பாக்லி கிராபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்த நினைத்தபோது, நெளிவு பிடிக்காத கார்மாக் வேண்டாம் என்றுவிட்டார். எல்லாவற்றையும் பிராசசரே வரைய வேண்டியதாகி, 1997-ல் நொண்டிக்கொண்டு வெளிவந்தது. ஒருவருடைய கண்ணின் பிடிவாதத்துக்கு ஒரு கன்சோலே கூலி கொடுத்தது என்பேன்.

மூன்றாவது வாரம் பெட்டியைக் காசிமேட்டுக்கு எடுத்துப் போனேன். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. ஸ்டெப் டவுனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாதிரிதான் ஒண்ணு வெச்சிருந்தேன். பக்கத்து வூட்ல மிக்சிக்கு ஓணும்னு இட்னு போனாங்கோ. ஒருநாள் ஆட ஆசயா இருந்துச்சி. ஒரு தபாதான, இன்னா ஆவப்போதுனு..."

"சொருவிட்ட."

"டப்புனு சத்தம் வந்துச்சிடா."

பிறகு உள்ளே போய் ஒரு டைரியை எடுத்து வந்தார். கப்பல் சம்பளக் கணக்கு டைரி. கடைசிப் பக்கங்களில் பால் பாயின்ட் பேனாவில் பத்துப் பத்து எழுத்தாக வரிசைகள், பக்கத்தில் கட்டத்தின் பெயர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாஸ்வேர்டுகள்!

கம்ப்யூட்டரில் எஃப்2 தட்டினால் அந்த நொடியிலேயே ஆட்டத்தைச் சேமிக்கலாம், ஆறு இடம் உண்டு. மூலை திரும்பும் முன் ஒன்று, திரும்பிய பின் ஒன்று என்று கோழைத்தனமாக ஆடலாம்; நான் அப்படித்தான் ஆடுவேன். பிளேஸ்டேஷன் டூம் மெமரி கார்டைத் தொடுவதில்லை. ஒரு கட்டம் முடிந்தால் பத்து எழுத்து பாஸ்வேர்டு காட்டும், எழுதிக்கொள்ள வேண்டும். எந்தக் கட்டம், எவ்வளவு கடினம், என்னென்ன ஆயுதம், உடம்பு எவ்வளவு, தோட்டா தோராயமாக எவ்வளவு என்று எல்லாம் அந்தப் பத்துக்குள். நடுவில் செத்தால் கட்டத்தின் தொடக்கம்தான். இது ஆட்டத்தையே வேறாக்குகிறது; மூலை திரும்ப மனசு வராது.

கடைசி வரிக்குப் பக்கத்தில் ‘டவர் ஆஃப் பேபல்’ என்று இருந்தது. சைபர்டீமன் என்ற பெரிய அரக்கன் நிற்கும் இடம். அடித்துப் பார்த்தோம், தப்பு என்றது. சித்தப்பாவின் கையெழுத்தை வைத்துக்கொண்டு அக்கா பையனும் நானும் உட்கார்ந்தோம். வட்டமாக ஒன்று: ஓவா, சைபரா? நேர்க்கோடாக ஒன்று: ஐயா, 1-ஆ? திரையில் எழுத்து தேர்ந்தெடுக்கும் வரிசையைப் பார்த்ததும் பாதி தீர்ந்தது. அதில் ஆங்கில உயிரெழுத்துகளே கிடையாது. மெய்யெழுத்து 21, எண் 10, ஒரு ஆச்சரியக்குறி, மொத்தம் 32. ஏதாவது கெட்ட வார்த்தை உருவாகிவிடக் கூடாது என்று உயிரெழுத்தை எடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஆகவே ஓ இல்லை, அது சைபர். ஐ இல்லை, அது 1.

மிச்சம் இரண்டு இடம். எஸ்ஸா 5-ஆ, இசட்டா 2-ஆ. நான்கு வழி. பத்து எழுத்தில் ஒன்று மற்றவற்றைச் சரிபார்க்கும் எழுத்து என்பதால் தப்பான பாஸ்வேர்டு உள்ளே போவது அபூர்வம். சரியானது ஒன்றே ஒன்று. எஸ், இசட் தப்பு. எஸ், 2 தப்பு. 5, இசட் தப்பு.

5, 2 என்று போட்டதும் சிடி சுற்றும் சத்தம் கேட்டது. நான் ஒட்டிய ரீசார்ஜ் கார்டுத் துண்டு மேல்தான் அந்த லென்ஸ் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது கொஞ்சம் மூச்சு நின்றது. திரை விரிந்தது. பரணில் ஏறுவதற்கு முன் அவர் விட்ட இடம். உடம்பு பாதிக்கும் கீழே, ராக்கெட் கொஞ்சம்.

"இத்தன ராக்கெட்டுதானா வெச்சிருந்த?" என்றேன்.

"குட்ரா இப்டி" என்று கன்ட்ரோலரைப் பிடுங்கினார். எழுபது வயசு விரல். ஆர்1 பட்டனின் ரப்பர் இறுகிப்போய் இரண்டு தடவை அழுத்தினால்தான் ஒரு தடவை வேலை செய்கிறது. அதை நான் இன்னும் மாற்றவில்லை. தூரத்தில் இரும்புக் கால் தரையில் விழும் சத்தம் எதிரொலித்தது. சித்தப்பா வலதுபக்கம் விலகப் பார்த்தார், பட்டன் விடவில்லை. ராக்கெட் நேராக வந்து முகத்தில் வெடித்தது.

"இந்த பட்டன் சரியில்லடா."

"அடுத்த வாரம் ரப்பர் வாங்கியாறேன்."

"அதுவரைக்கும் சொம்மா இருக்கணுமா? அந்த நம்பர மறுபடி சொல்லு."

டைரியைத் தேடினேன். அக்கா பையன் அந்தப் பக்கத்தை எப்போதோ போனில் படம் பிடித்து வைத்திருந்தான். முதல் எழுத்திலிருந்து நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தான்.